தீனபந்து அன்ட்ரூஸ்

பிறர் செய்யும் அநீதியைக் கண்டு கொதித்தெழுவது எளிது. தம்மவர் செய்யும் அநீதியை அநீதி என்று வாய்திறந்து கூறுவதும், அதனால் வரும் பகையையும் பழியையும் தாங்கி நிற்பதும் மிக அரிது. உலக வரலாற்றிலே இவ்வரிய செயலைச் செய்தோர் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவர் சாள்ஸ் பிறீயர் அன்ட்ரூஸ் என்னும் ஆங்கிலப் பெரியார். ஆளும் இனத்திலே பிறந்து, ஆளப்பட்டோர் பக்கம் வந்து நின்றவர். வெள்ளை நிறம் தமக்கு அளித்த சலுகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தவர். கடல் கடந்த நாடுகளிலே அடிமைகள் போல உழன்ற நம் இனத்தவர்க்காகத் தம் உடலை வருத்தியவர். இன்று அவர் பெயரை அறிந்த இளைஞர் சிலரே. ஆகவே அவர்தம் வரலாற்றை இங்கே சுருங்கக் கூற விழைகின்றோம்.

இளமை

அன்ட்ரூஸ் 1871 ஆம் ஆண்டு பெப்புருவரி 12 ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரிலே பிறந்தார். பின்னர் குடும்பம் பேர்மிங்காம் நகரிலே வாழ்ந்தது. தந்தையார் கிறித்தவ சபையொன்றின் குருவாக விளங்கினார். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது.

அன்ட்ரூஸ் சிறுவனாயிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நாம் கூறாமல் விடுதல் தகாது. குடும்பத்தின் பொருள் தந்தையாரின் நண்பர் ஒருவர் பொறுப்பிலே இருந்தது. அந்நண்பர் நம்பிக்கைத் துரோகம் செய்து அப்பொருளை அழித்துவிட்டார். வசதியாக வாழ்ந்த குடும்பம் வறுமையுற்றது. செய்தி வந்த இரவு, வீட்டார் அனைவரும் கூடி வழிபாடு செய்யும் வேளையிலே, தந்தையார் தம்மை ஏமாற்றிய அந்நண்பருக்காகவே இறைவனை வேண்டினார். பிற்காலத்தில் அன்ட்ரூஸ் தம் வாழ்வை வகுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதனை நினைவுகூர்ந்தார். பகைவனையும் வெறாத பண்பை அவர் முதன்முதற் கற்றது அந்த வீட்டிலேதான்.

1890 ஆம் ஆண்டில் அவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெம்புறூக் கல்லூரியிலே சேர்ந்தார். படிப்பிலே சிறந்து விளங்கினார். 1897 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். இலண்டன் மாநகரின் தென்கிழக்கிலே, வால்வேத் என்னும் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிலே, அவர்கள் நடுவிலே தங்கித் தொண்டு செய்தார். பசியும் குடியும் நோயும் மலிந்த அத்தெருக்களிலே, ஏழை மக்களுடைய துன்பத்தைத் தூர நின்று பார்ப்பதற்கும் அருகிருந்து பங்குகொள்வதற்கும் உள்ள வேற்றுமையை அவர் உணர்ந்தார்.

டில்லியில்

1904 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் அன்ட்ரூஸ் இந்தியாவிலே கால்வைத்தார். டில்லியிலுள்ள சென் ஸ்ரீவன்ஸ் கல்லூரியின் ஆசிரியராகவே அவர் வந்தார். அந்நாளைத் தாம் இரண்டாவது முறை பிறந்த நாளாகவே அவர் பின்னாளிற் கொண்டாடி வந்தார். இருபிறப்பாளர் என்று நம் நூல்கள் கூறுவதை நாம் அறிவோம். குலத்தாலன்றி, உள்ளத்தின் மாற்றத்தால் மறுபிறப்பு எய்தியவர் இவர்.

அக்காலத்து டில்லியின் நிலையை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலேயர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம். ஆங்கிலேயரின் கழகங்களிலே இந்தியருக்கு இடமில்லை. புகைவண்டியிலே ஆங்கிலேயர் இருக்கும் பெட்டியில் இந்தியர் ஏறினால் அவமதிப்பு நேரும். ஒரே கடவுளை வணங்கிய கிறித்தவரிடையேகூட நிறம் ஒரு சுவராக நின்றது. புதிதாக வரும் ஆங்கிலேயன் தன் மதிப்பை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்று மூத்தவர்கள் போதிப்பர். இப்போதனை அன்ட்ரூசின் செவியில் ஏறவில்லை. அதே கல்லூரியில் ஆசிரியராயிருந்த சுசீல் குமார் உருத்திரா என்னும் வங்காளிப் பெருமகனார் அவருடைய உயிர் நண்பரானார். இந்தியாவை இந்தியரின் கண்கொண்டு பார்க்க அவருக்குக் கற்பித்தவர் உருத்திராவே.

கல்லூரி அதிபர் பதவி வெற்றிடமானபோது சோதனை வந்தது. அப்பதவி ஆங்கிலேயருக்கே உரியதென்பது அந்நாள் வழக்கம். அன்ட்ரூசை அப்பதவியில் அமர்த்தப் பலர் விரும்பினர். அவரோ அதனை ஏற்க மறுத்தார். அனுபவத்தாலும் தகுதியாலும் முந்தியவர் உருத்திராவே என்றும், இந்தியர் என்பதற்காக அவரை ஒதுக்குவது தகாதென்றும் வாதிட்டார். 1906 ஆம் ஆண்டிலே உருத்திரா அக்கல்லூரியின் முதல் இந்திய அதிபரானார். அன்ட்ரூஸ் அவரின் கீழ் ஆசிரியராகப் பணியாற்றினார். சமத்துவத்தைப் பற்றி மேடையிலே பேசுவோர் பலர். தமக்கு வந்த நாற்காலியை மற்றவர்க்குக் கொடுத்து அதனை நிலைநாட்டுவோர் எத்துணைப் பேர்?

1912 ஆம் ஆண்டில் இலண்டனிலே, ஓவியர் உறொதன்ஸ்ரைன் வீட்டிலே, இரவீந்திரநாத தாகூரின் கீதாஞ்சலிப் பாடல்கள் படிக்கப்பட்டபோது அன்ட்ரூஸ் அங்கிருந்தார். அன்று தொடங்கிய நட்பு அவரைப் பின்னர் சாந்திநிகேதனத்துக்கே அழைத்துச் சென்றது.

தென்னாபிரிக்காவில்

இந்தச் சமயத்திலே தென்னாபிரிக்காவில் நம்மவர் பட்ட துயரம் உச்சநிலையை அடைந்திருந்தது. 1860 ஆம் ஆண்டு முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேற்றாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சென்னையிலிருந்து கப்பலேறியவர். ஒப்பந்தம் முடிந்தபின் அந்நாட்டிலேயே தங்க விரும்பியோர் ஆண்டுதோறும் மூன்று பவுண் தலைவரி கட்டவேண்டும் என்று சட்டம் விதித்தது. 1913 இலே கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டிய மனைவியர் சட்டத்தின் முன் மனைவியர் அல்லராயினர். அவ்வாண்டு, திரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் நேற்றாலின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். வேலைநிறுத்தம் காட்டுத்தீ போலப் பரவியது. அது தொடங்கிய சுரங்க நகரின் பெயரும் நியூகாசில் என்பதே. அன்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்தே அவருக்கு அழைப்பு வந்ததென்று கூறலாம்.

கோகலே இந்தியாவெங்கும் சென்று இப்போராட்டத்திற்கு நிதி திரட்டினார். அன்ட்ரூஸ் தம்மிடமிருந்த பணம் முழுவதையும் கொடுத்தார். பின் தம்மையே கொடுக்க முன்வந்தார். நண்பர் பியர்சன் என்பவருடன் கப்பலேறி, 1914 சனவரித் தொடக்கத்திலே டேர்பன் துறைமுகத்தை அடைந்தார்.

துறைமுகத்திலே வரவேற்க வந்தோருள் காந்தியடிகள் யார் என்று அவர் வினவினார். போராட்டத்தில் இறந்தோர்க்குத் துக்கங் காத்துத் தலையை மழித்து, ஒப்பந்தக் கூலியாள் உடுப்பது போன்ற முரட்டு வெள்ளையாடை உடுத்து நின்ற மெலிந்த மனிதரை ஒருவர் சுட்டிக்காட்டினார். அடுத்த கணம் அன்ட்ரூஸ் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். வெள்ளையன் ஒருவன் இந்தியனின் காலைத் தொட்ட செய்தி அந்நாட்டு வெள்ளையரைத் திடுக்கிடச் செய்தது. பத்திரிகைகள் சினந்து எழுதின. அன்ட்ரூஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. மூத்தோரையும் சான்றோரையும் கண்டால் இந்தியர் செய்வதை அவரும் செய்தார், அவ்வளவே.

அதே நகரிலே அவர் கோயிலொன்றில் பிரசங்கம் செய்ய, அதனைக் கேட்க விரும்பிச் சென்ற காந்தியடிகள் நிறங் காரணமாக வாயிலிலே தடுக்கப்பட்டார். பின்னர் இதனை அறிந்த அன்ட்ரூஸ் உளம் வெந்தார். இயேசுவின் பெயராற் கட்டிய ஆலயத்தில் இயேசுவுக்கே இடமில்லாது போயிற்று என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இன்னொரு நிகழ்ச்சி அவர் மனத்தை விட்டு என்றும் அகலவில்லை. தோட்டத்திலே அடியுண்டு, முதுகெல்லாம் காயத்துடன் அடைக்கலம் தேடி வந்த தென்னிந்தியத் தொழிலாளி ஒருவர் காந்தியடிகள் முன் நின்றார். அன்ட்ரூஸ் இரக்கத்தோடு அவரருகே சென்றார். வெள்ளை முகத்தைக் கண்ட அத்தொழிலாளி மேலும் அடி விழுமென்று நடுங்கிப் பின்வாங்கினார். அன்புசெய்ய நீட்டிய கையைக் கண்டு ஒரு மனிதன் அஞ்சுகின்றான்! தம் நிறம் பிறர்க்கு எத்தகைய பொருளை உணர்த்துகின்றது என்பதை அன்ட்ரூஸ் அன்று கண்ணாரக் கண்டார். அம்முகம் அவருடைய நோய்ப்படுக்கையிலும் தோன்றி, கிறித்துவின் முகமாக மாறியதென அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

காந்தியடிகளுக்கும் தளபதி சிமற்சுக்கும் இடையே நடந்த பேச்சுக்களில் அன்ட்ரூஸ் பாலமாக நின்று உழைத்தார். அவ்வேளையிலேதான் இங்கிலாந்திலிருந்த அவருடைய அன்னையார் இறந்தார். துயரை அடக்கிக்கொண்டு பணியை முடித்தார். 1914 ஆம் ஆண்டிலே நிறைவேறிய சட்டம் மூன்று பவுண் வரியை நீக்கியது. இந்தியத் திருமணங்களையும் ஏற்றது. சிறையிலே நோயுற்று, வெளிவந்து சில நாளில் உயிர்துறந்த தில்லையாடி வள்ளியம்மை என்னும் தமிழ்ச் சிறுமி அவ்வெற்றியைக் காண இருக்கவில்லை.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்கள்

தென்னாபிரிக்காவிலிருந்து மீண்ட அன்ட்ரூஸ் குருவுக்குரிய பதவிக் கடமைகளை விட்டுச் சாந்திநிகேதனத்திலே சேர்ந்தார். ஆனால் நேற்றாலிலே கண்ட முகம் அவரை அமைதியாக இருக்க விடவில்லை. நோயின் வேரைத் தேடிச் செல்ல எண்ணினார். அவ்வேர் ஒப்பந்தக் கூலி முறை. அது செழித்திருந்த நாடு பசுபிக் கடலிலுள்ள பிஜி.

1879 ஆம் ஆண்டு முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 இந்தியர் பிஜிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழரும் தெலுங்கரும் மலையாளத்தவரும் அவற்றில் ஏறினர். ஆள்பிடிப்போர் ஊரூராகத் திரிந்து, பொய் சொல்லி ஏழைகளை மயக்கினர். பெருவிரல் அடையாளம் வைத்தபின் ஐந்தாண்டுக்கு மீட்சி இல்லை. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங்கு, பெண்ணுக்கு ஒன்பது பென்சு. அன்றன்று அளந்து கொடுத்த வேலையை முடிக்காவிடின் கூலி குறையும். வேலைக்கு வராவிடின் அது குற்றமாகும்; சிறை கிடைக்கும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதே ஆட்களைச் சேர்க்கும் விதி. அறைகளாகப் பிரித்த நீண்ட லயங்களிலே, மறைவின்றி, மானமின்றி வாழ்ந்தனர். குடும்பம் என்பதே சிதைந்தது. கொலையும் தற்கொலையும் மலிந்தன.

1915 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அன்ட்ரூசும் பியர்சனும் பிஜிக்குச் சென்றனர். தோட்டந் தோட்டமாக நடந்தனர். லயங்களுக்குள்ளே சென்று தொழிலாளருடன் பேசினர். மருத்துவமனைகளையும் சிறைகளையும் பார்த்தனர். தோட்ட முதலாளிகள் கூறியதையும் செவிமடுத்தனர். 1916 இல் வெளியான அவர்களுடைய அறிக்கை இந்தியாவை உலுக்கியது. கோபமான சொற்களை அவ்வறிக்கை நம்பியிருக்கவில்லை. அரசாங்கத்தின் கணக்குகளைக் கொண்டே, தாயகத்திலும் பார்க்கப் பிஜித் தோட்டங்களிலே இந்தியர் எத்துணை மடங்கு மிகுதியாகத் தற்கொலை செய்தனர் என்று அது காட்டிற்று. கணக்கை மறுக்க எவராலும் இயலவில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், சட்டசபையிலே மாளவியா கொணர்ந்த தீர்மானத்தை இராசப்பிரதிநிதி ஹாடிங்கு பிரபு ஏற்றார். ஆயினும் முறை உடனே ஒழியவில்லை. நாட்களைக் கடத்தச் சூழ்ச்சி நடந்தது. காந்தியடிகளும் பிற தலைவர்களும் நாடெங்கும் கூட்டம் கூட்டினர். 1917 இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அன்ட்ரூஸ் மீண்டும் பிஜிக்குச் சென்று, எஞ்சிய தொழிலாளருடைய விடுதலைக்காக உழைத்தார். 1920 சனவரித் தொடக்கத்திலே அங்கிருந்த ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன. ஏழைகளின் உறவினன் எனப் பொருள்படும் தீனபந்து என்னும் பெயரைப் பிஜி வாழ் இந்தியரே அவருக்குச் சூட்டினர் என்பர். அரசன் கொடுத்த பட்டம் அன்று. கூலி லயங்களிலே பிறந்த பட்டம்.

பஞ்சாபும் கென்யாவும்

1919 ஆம் ஆண்டு பஞ்சாபிலே இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொடுமைகளை நாம் அறிவோம். அங்குச் செல்ல முயன்ற அன்ட்ரூசைக் காவலர் தடுத்துத் திருப்பியனுப்பினர். தடை நீங்கியபின் அவர் ஊரூராகச் சென்று மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டார. கிராமத் தலைவர் ஒருவர் குற்றமின்றிச் சவுக்கடி பட்டிருந்தார். அவமானத்தால் மனமொடிந்திருந்த அம்முதியவரின் பாதங்களைத் தொட்டு, தம் நாட்டவர் செய்த பிழைக்கு அன்ட்ரூஸ் மன்னிப்புக் கோரினார். டேர்பனிலே பெரியார் ஒருவரை வணங்கிய கை, இங்கே பெயர் அறியாத கிராமத்தவர் ஒருவரை வணங்கியது. முன்னதினும் பின்னதே பெரிதென்பது எம் கருத்து.

1921 இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டுக் கூட்டங் கூட்டமாக வெளியேறிய தொழிலாளர் சாந்தபூரிலே வாந்திபேதியால் மடிந்தபோது, அவர்கள் நடுவே சென்று பணிவிடை செய்தார். அவ்வாண்டிலேயே கென்யாவில், புகைவண்டிப் பயணத்தின்போது வெள்ளைக் குடியேற்றக்காரர் சிலர் அவரைத் தாக்கினர்; தாடியைப் பிடித்து இழுத்து வண்டியிலிருந்து வெளியேற்ற முயன்றனர். இந்தியர்க்காகப் பரிந்து பேசியதே அவர் செய்த குற்றம். அடித்தவர்மீது வழக்குத் தொடுக்க அவர் முனையவில்லை. தந்தையின் இராவழிபாடு அவர் உள்ளத்தில் இருந்தது போலும்.

நண்பரும் மனிதரும்

காந்தியடிகளிடத்து அவர் கொண்ட அன்பு கண்மூடித்தனமானதன்று. 1921 இல் அந்நியத் துணிகளைத் தீயிட்டபோது, ஏழைக்கு உதவக்கூடிய ஆடையை எரிப்பது தகாதென்று வெளிப்படையாகவே எதிர்த்தார். 1924 இல் இந்து முசிலிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் டில்லியில் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பிருந்தபோது அருகிருந்து பேணியவரும் அவரே. கருத்து வேற்றுமை நட்பைக் குலைக்காது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

தமக்கென ஒன்றையும் அவர் வைத்திருந்ததில்லை. யாராவது போர்வையோ சட்டையோ கொடுத்தால், அது விரைவிலே வேறொருவருடைய உடம்பிற் காணப்படும். இந்திய உடையிலே, தாடியுடன் திரிந்த அவரைத் தம் இனத்தவர் காட்டிக்கொடுப்பவர் என்று வைதனர். இந்தியரிற் சிலர் அவரை அரசாங்கத்தின் ஒற்றர் என்றும் ஐயுற்றனர். இரு பக்கத்தவர் ஏச்சையும் அவர் வாங்கினார்.

அவர் செய்தவை யாவும் குறையற்றவை என்று நாம் கூறவரவில்லை. 1927 இல் தென்னாபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஏற்பட்ட கேப்ரவுண் உடன்படிக்கைக்கு அவர் பெரிதும் உழைத்தார். தென்னாபிரிக்க இந்தியரைத் தனி இடங்களிலே ஒதுக்க வந்த மசோதா அதனாற் கைவிடப்பட்டது உண்மை. ஆனால் பணவுதவி கொடுத்து இந்தியரைத் தாயகம் அனுப்பும் திட்டமும் அதில் இடம்பெற்றது. அங்கே பிறந்து வளர்ந்தோர் இதனை விரும்பவில்லை. எதிரியிடத்தும் நல்லெண்ணம் காணும் பண்பு சில வேளை அளவுக்கு மிஞ்சி நம்பவும் செய்தது. அவரை வணங்கும்போது இதனையும் நினைத்தல் நேர்மையாகும்.

1940 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நோயுற்றுக் கல்கத்தா மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார். காந்தியடிகள் நேரிற் சென்று பார்த்தார். அறுவைச் சிகிச்சை பயனளிக்கவில்லை. ஏப்பிரல் 5 ஆம் நாள், தமது அறுபத்தொன்பதாம் வயதிலே, அவர் இறைவனடி சேர்ந்தார். தாம் மறுபிறப்பெய்திய நாட்டின் மண்ணிலேயே, கல்கத்தாக் கிறித்தவ மயானத்தில், அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. நூறாம் ஆண்டான 1971 இல் இந்தியா அவர் நினைவாக அஞ்சல் முத்திரை வெளியிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

அன்ட்ரூஸ் தம் சமயத்தைக் கைவிட்டவர் அல்லர். இறுதிவரை கிறித்துவின் அடியவராகவே வாழ்ந்தார். எனினும் இந்து இளைஞராகிய நாம் அவரிடம் கற்க வேண்டியது நிரம்பவுண்டு.

டேர்பன் ஆலயத்தின் வாயிலிலே காந்தியடிகள் தடுக்கப்பட்டதைப் படிக்கையில் நம் உள்ளம் கொதிக்கின்றது. கொதிக்கட்டும். அக்கொதிப்போடு நம் ஊர்க் கோயில் வாயில்களையும் சிறிது நினைப்போமாக. சாதியின் பெயரால் அவ்வாயில்கள் எத்தனை தலைமுறைக்கு அடைபட்டுக் கிடந்தன! தேநீர்க் கடைகளிலே சிலருக்கெனத் தனிக் குவளை வைத்தவர் எவர்? பிறநாட்டு வெள்ளையர் அல்லர், நம்மவரே. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டிலே வந்தது. வந்து பதினோராண்டு கழிந்த பின்னும், 1968 இல், யாழ்ப்பாணத்துக் கோயில் வாயிலிலே அடியார்கள் உள்ளே செல்லப் போராட வேண்டியிருந்தது. கதவுகள் திறந்தபின்னும் உள்ளங்கள் யாவும் திறந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துக் கூற நம்மால் இயலுமா? திருமணப் பேச்சிலே, வாடகை வீட்டிலே, சபை நிருவாகத்திலே பழைய கணக்கு இன்னும் மறைவாக நடக்கவில்லையா?

அன்ட்ரூஸ் தம் இனத்தவருடைய பிழையைத் தம் பிழையாகவே ஏற்றார். நற்பெயரை இழந்தார், பதவியை விட்டார், அடியும் பட்டார். உயர்ந்த இடத்திலே இருந்துகொண்டு கீழே உள்ளவரை மேலே வருமாறு அழைப்பது அவர் வழியன்று. இறங்கி வந்து அருகிலே நிற்பதே அவர் வழி. நம் இளைஞருள் ஒருவராவது, நம்மவர் செய்யும் அநீதி நடக்கும் இடத்திலே, உறவினரின் சினத்திற்கு அஞ்சாது எழுந்து நிற்பாராயின், அப்பெரியாருக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.

தீனபந்துவின் திருநாமம் வாழ்க!